இரண்டாவது விதித்தாள்: வணிகத்தைப் பழித்த விளையாட்டு வணிகப் பொருளான வரலாறு

முதலாளியத்தை எள்ளி நகையாடும் எழுத்தும் ஓவியமும் முதலாளியத்தின் அளவுக்கே பழமையானவை. 1720இல் இலண்டனில் தென்கடல் கம்பெனியின் பங்குவிலை வானளாவ ஏறிச் சரிந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை நொடித்துப்போகச் செய்தபோது, வில்லியம் ஹோகார்த் அந்தப் பேராசையைச் செதுக்கோவியமாக்கி விற்றார். 1873இல் மார்க் ட்வைனும் சார்லஸ் டட்லி வார்னரும் இணைந்து எழுதிய நையாண்டி நாவலின் தலைப்பு, அமெரிக்க வரலாற்றில் பெரும் தொழிலதிபர்கள் கொழித்த ஒரு காலகட்டத்துக்கே பெயராக நிலைத்தது. 1899இல் தோர்ஸ்டைன் வெப்ளன், பிறர் கண்டு வியக்க வேண்டும் என்பதற்காகவே பொருள்களை வாங்கிக் குவிக்கும் வழக்கத்தைப் ‘பகட்டு நுகர்வு’ என்று பெயரிட்டு, செல்வந்தர்களின் நடையுடை பாவனைகளை மானிடவியலாளர் ஒரு குலத்தின் சடங்குகளை ஆராய்வதுபோல் ஆராய்ந்தார். இத்தகைய எள்ளல்கள் எவ்வளவு கூர்மையானவை என்பது பலமுறை பேசப்பட்டிருக்கிறது. அவை சந்தைக்குள் நுழைந்தபின் என்ன ஆயின என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. வணிகத்தின் தீமையைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள், அந்தத் தீமையையே இன்பமாகக் கற்றுத்தரும் பொருளாக மாறி உலகெங்கும் விற்றது எப்படி என்பதே இச்சொற்பொழிவின் பொருள். அந்தப் பொருள் மோனோப்போலி என்னும் பலகை விளையாட்டு. தமிழ்நாட்டு வீடுகளில் கோடை விடுமுறைதோறும் ‘டிரேட்’ என்றும் ‘பிசினஸ்’ என்றும் பெயர்பெற்று, இந்திய நகரங்களின் பெயர்களுடன் விரிக்கப்படும் பலகையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இவ்விளையாட்டின் மூலத்தை உருவாக்கியவர் எலிசபெத் மேகி. 1866இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். அடிமை முறையை எதிர்த்த பத்திரிகையாளரான அவருடைய தந்தை ஜேம்ஸ் மேகி, 1858இல் ஆபிரகாம் லிங்கன் தம் தேர்தல் எதிராளியான டக்ளஸுடன் ஊர் ஊராக நடத்திய விவாதங்களின்போது லிங்கனுடன் பயணம் செய்தவர். சுருக்கெழுத்தாளராகவும் தட்டச்சராகவும் வேலைபார்த்துப் பிழைத்த எலிசபெத், தட்டச்சுப் பொறியில் தாள் எளிதாக ஓடுவதற்கான ஒரு கருவிக்கு 1893இலேயே காப்புரிமை பெற்றார். பெண்கள் காப்புரிமை பெறுவது மிக அரிதாக இருந்த காலம் அது. 1906இல் சிகாகோவில் வாரத்துக்குச் சுமார் 10 டாலர் ஊதியத்தில் வாழ முடியாமல் திண்டாடிய அவர், ஓர் இளம் அமெரிக்க அடிமைப்பெண் அதிக விலை கேட்பவருக்கு விற்கப்படுவாள் என்று தம்மையே விற்பனைக்கு வைத்துப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். நாடெங்கும் பரபரப்பு எழுந்தது. உழைத்துப் பிழைக்கும் பெண்ணின் கூலி எவ்வளவு என்பதைக் கூலி கொடுப்போரின் விளம்பர மொழியிலேயே சொல்லிக்காட்டிய அந்த ஒரு செயலில் அவருடைய முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. எதை எதிர்க்கிறாரோ அதன் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, அதன் உள்ளே இருப்பதை வெளியே தெரியும்படி திருப்பிக் காட்டுவதே அந்த முறை.

மேகிக்கு அடித்தளமாக இருந்தது, தந்தை அவருக்கு அளித்த ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற நூல். ஹென்றி ஜார்ஜ் எழுதி 1879இல் வெளிவந்த அந்நூல், நாடு செழிக்கச் செழிக்க வறுமையும் ஏன் வளர்கிறது என்ற கேள்விக்கு நிலத்தில் விடை தேடியது. ஒரு மனை புல் முளைத்துச் சும்மா கிடந்தாலும், அதைச் சுற்றிச் சாலையும் ரயில் நிலையமும் பள்ளியும் கடைத்தெருவும் வந்தால் அதன் மதிப்பு ஏறுகிறது. அந்த ஏற்றத்தை உண்டாக்கியவர்கள் அங்கே குடியேறி உழைத்த மக்கள் அனைவரும். அதைப் பெறுபவரோ பத்திரத்தைக் கையில் வைத்திருக்கும் ஒருவர். கட்டடத்தால் வரும் வருமானம் கட்டியவரின் உழைப்புக்கு உரியது. மனை இருக்கும் இடத்தால் மட்டும் வரும் வருமானம் எவருடைய தனி உழைப்புக்கும் உரியதன்று. பின்னதையே பொருளியல் ‘நில வாடகை’ என்கிறது. இந்த நில வாடகை முழுவதையும் பொதுக் கருவூலத்துக்கு வரியாக எடுத்துக்கொண்டு, கூலி, வணிகம், வீடு ஆகியவற்றின்மீதான எல்லா வரிகளையும் நீக்கிவிட வேண்டும் என்பதே ஜார்ஜின் ‘ஒற்றை வரி’த் திட்டம். 1886இல் நியூயார்க் மேயர் தேர்தலில் நின்ற அவர் தோற்றாலும், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான தியடோர் ரூஸ்வெல்ட்டைவிட அதிக வாக்குகள் பெற்றார். இக்கருத்துக்கு அன்று எவ்வளவு பெரிய மக்கள் ஆதரவு இருந்தது என்பதற்கு இது போதிய சான்று.

மேகி 1903இல் விண்ணப்பித்து 1904 ஜனவரி 5 அன்று காப்புரிமை பெற்ற ‘நிலக்கிழார் விளையாட்டு’ இந்த நூலின் வாதத்தைப் பலகையாக்கியது. ஆடுவோர் கட்டம் கட்டமாகச் சுற்றிவந்து நிலம் வாங்குவர். பிறர் நிலத்தில் காய் நின்றால் வாடகை கொடுப்பர். ரொட்டி, நிலக்கரி, உடை, உறைவிடம் ஆகிய தவிர்க்க முடியாத தேவைகளுக்கென்று கட்டங்கள் உண்டு. ஒரு சுற்று முடித்துப் பூமித்தாயின் மூலையைக் கடந்தவருக்கு அவருடைய உழைப்பின் கூலியாக 100 டாலர் கிடைக்கும். மற்றொரு மூலை இலண்டனில் வாழும் ஒரு பிரபுவின் நிலம். ‘நீலக்குருதிப் பிரபு’ என்று பொருள்படும் பெயரை மேகி அவருக்குச் சூட்டினார். அந்த மூலையில் காய் வைத்தவர் அத்துமீறி நுழைந்த குற்றத்துக்காகச் சிறைக்குப் போக வேண்டும். கடலுக்கு அப்பாலிருக்கும் ஒருவர், தாம் மிதித்தேயிராத மண்ணில் அமெரிக்கர் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடிகிறது என்பதை ஆடுவோர் ஒவ்வொரு சுற்றிலும் உணர வேண்டும் என்று அவர் விரும்பினார். ஒன்றும் இல்லாமல் போனவருக்கு ஏழைகள் இல்லம் காத்திருந்தது. 1906இல் வெளிவந்த பதிப்பில் நையாண்டி இன்னும் வெளிப்படையானது. மின்விளக்கு நிறுவனத்துக்கு, வாடிக்கையாளரை ஒட்டக் கறந்துவிடு என்னும் பொருள் தொனிக்கும் பெயர் கிடைத்தது. தெருக்களில் ஒன்று பிச்சைக்காரர் முற்றமாகவும் மற்றொன்று சுகபோகத் தெருவாகவும் அமைந்தன.

ஆயினும் அவ்விளையாட்டின் உயிர் இந்தப் பெயர்களில் இல்லை. அது விதிகளில் இருந்தது, அதிலும் குறிப்பாக மாற்று விதியில். ஆட்டத்தின் நடுவே ஆடுவோர் விரும்பினால் ஒற்றை வரி முறைக்கு மாறிக்கொள்ள 1906ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிகள் இடமளித்தன. மாறியபின் நில வாடகை நிலக்கிழாருக்குப் போகாமல் பொதுக் கருவூலத்துக்குப் போகும். கருவூலத்தில் 50 டாலர் சேர்ந்ததும் விளக்கு நிறுவனம் பொதுவுடைமையாகி, அதன்பின் அந்தக் கட்டத்தில் எவரும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அடுத்து டிராம் வண்டியும் அதன்பின் ரயில் பாதைகளும் அவ்வாறே ஆகும். பிறகு பிரபுவின் மூலையும் மாறும்: மனிதரைச் சிறைக்கு அனுப்பிய அந்தக் கட்டம் இலவசக் கல்லூரியாகும். அதற்குப் பிறகும் பணம் சேர்ந்தால் எல்லாருடைய கூலியும் உயரும். 1932இல் வெளியான பதிப்பில் இந்த முறை ‘வளம்’ என்ற பொருளுடைய பெயருடன் தனி ஆட்டமாகவே அமைந்தது. ஆடுவோருள் மிக ஏழையானவர் தம் தொடக்கப் பணத்தை இரட்டிப்பாக்கும்போது எல்லாரும் வென்றதாகக் கொள்ளும் விதியும் மேகியின் பிற்காலப் பதிப்புகளில் உண்டு. ஒரே பலகை, ஒரே காய்கள், ஒரே பகடை; விதித்தாளை மட்டும் மாற்றினால் ஒருவர் கொழித்துப் பலர் ஓட்டாண்டியாகும் உலகம் எல்லாரும் ஏறும் உலகமாக மாறுகிறது. வறுமை இயற்கையின் நியதியோ தனிமனிதரின் சோம்பலோ அன்று, அது மனிதர் எழுதிய விதியின் விளைவு என்பதை இதைவிடச் சுருக்கமாகவும் ஆணித்தரமாகவும் எடுத்துச்சொன்ன படைப்பு பொருளியல் இலக்கியத்தில் அரிது.

விளையாட்டு கைக்குக் கையாகப் பரவியது. ஜார்ஜின் கொள்கைப்படி வாழ்வதற்கென்றே 1900இல் டெலவேர் மாநிலத்தில் நிறுவப்பட்ட ஆர்டன் என்னும் சிற்றூரில் மக்கள் துணியிலும் பலகையிலும் தாங்களே வரைந்து ஆடினர். அவ்வூரில் வாழ்ந்த பொருளியலாளர் ஸ்காட் நியரிங், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளியில் தம் மாணவருக்கு இதைக் கற்றுத்தந்தார். குழந்தைத் தொழிலை வெளிப்படையாக எதிர்த்த அவரைப் பல்கலைக்கழகம் 1915இல் வெளியேற்றியபோதிலும், மாணவர்கள் கொண்டுபோன பலகைகள் கல்லூரி விடுதிகளில் தொடர்ந்து சுற்றின. அட்லாண்டிக் நகரத்தில் வாழ்ந்த குவேக்கர் சமயக் குழுவினர் தங்கள் ஊர்த் தெருக்களின் பெயரைக் கட்டங்களுக்கு இட்டனர். ஏலம் கூவி வாங்குவது குழந்தைகளுக்குக் கடினமாக இருந்ததாலும், சத்தமின்றி ஆடுவதே தங்கள் மரபுக்கு ஏற்றது என்பதாலும் நிலங்களுக்கு நிலையான விலை குறித்தனர். எவரும் தமதென்று உரிமை கோராமல், ஒவ்வொரு வீடும் ஒரு திருத்தம் சேர்க்க, ஒரு நாட்டுப்புறக் கதை வளர்வதுபோல் இவ்விளையாட்டு முப்பது ஆண்டுகள் வளர்ந்தது. இந்தப் பயணத்தில்தான் இழப்பும் நேர்ந்தது. படியெடுத்தவர்கள் பலகையைப் படியெடுத்தனர், வாடகைப் பட்டியலைப் படியெடுத்தனர். ஒற்றை வரி முறையைச் சொன்ன இரண்டாவது விதித்தாளைப் பெரும்பாலோர் விட்டுவிட்டனர். பிறரை நொடிக்கச் செய்து வெல்வதிலுள்ள விறுவிறுப்பு எல்லாரும் சேர்ந்து வெல்வதில் இல்லை என்று தோன்றியதே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். அந்த விறுவிறுப்பைக் கண்டு ஆடுவோர் வெட்கப்பட வேண்டும் என்றே மேகி எண்ணியிருந்தார். தாம் உருவாக்கிய ஆட்டம் எவ்வளவு சுவையானது என்பதை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்.

பெரும்பொருளாதார மந்தத்தின் நடுவே, பிலடெல்பியா நகரின் ஜெர்மன்டவுன் பகுதியில் வேலை இழந்திருந்த சார்லஸ் டாரோ என்னும் விற்பனையாளர், சார்லஸ் டாட் என்ற நண்பரின் வீட்டில் இவ்விளையாட்டை ஆடினார்; விதிகளை எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்; பிறகு பலகையை அழகுறச் செய்து மோனோப்போலி என்ற பெயரில் தம் படைப்பாக விற்கத் தொடங்கினார். அட்லாண்டிக் நகரத்தை அடுத்த மார்வன் கார்டன்ஸ் என்னும் பகுதியின் பெயரை டாட் தம் பலகையில் மார்வின் கார்டன்ஸ் என்று பிழையாக எழுதியிருந்தார். டாரோவின் பலகையிலும் அதே பிழை இருந்தது. பின்னர் அச்சான அமெரிக்கப் பலகைகளிலும் அப்பிழை தொடர்ந்தது. 1934இல் முதலில் மறுத்த பார்க்கர் பிரதர்ஸ் என்னும் விளையாட்டு நிறுவனம், பிலடெல்பியாக் கடைகளில் விற்பனை சூடுபிடித்ததைக் கண்டு 1935இல் டாரோவிடமிருந்து உரிமையை வாங்கியது. அவ்வாண்டின் கடைசி நாளில் டாரோவின் பெயரில் காப்புரிமையும் கிடைத்தது.

மோனோப்போலி என்ற சொல் குறிக்கும் முற்றுரிமை, அதாவது ஏகபோகம் என்பது, ஒரு பொருளின் விற்பனையையோ வழங்கலையோ ஒருவரே கைக்குள் வைத்துக்கொண்டு, போட்டியாளர் எவரும் நுழையாதபடி தடுப்பதாகும். முற்றுரிமையைக் கண்டிக்கப் பிறந்த விளையாட்டின்மீது முற்றுரிமை நாட்டப்பட்ட விதம் பொருளியல் மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய பாடம். நெடுங்காலமாகப் பொதுமக்கள் ஆடிவந்த ஒன்றுக்குக் காப்புரிமை செல்லாது என்பதால், பார்க்கர் நிறுவனம் முந்திய பதிப்புகளின் உரிமைகளைத் தேடித் தேடி வாங்கியது. ஃபைனான்ஸ் என்ற பெயரில் விற்ற ஒத்த விளையாட்டும் அவ்வாறு அதன் கைக்கு வந்தது. நிறுவனர் ஜார்ஜ் பார்க்கரே முதுமையில் மேகியை நாடிச் சென்றார். மேகி 1924இல் பெற்ற இரண்டாவது காப்புரிமை 1935 நவம்பரில் 500 டாலருக்குக் கைமாறியது. விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் படைப்பாளிக்கு உரிய பங்குத்தொகை எதுவும் அதில் இல்லை. தம் கருத்து இப்போதாவது பெருந்திரளான மக்களைச் சென்றடையும் என்று மேகி நம்பினார். நிறுவனமும் 1939இல் நிலக்கிழார் விளையாட்டை வெளியிட்டது. எவரும் அறியாமல் அது மறைந்தது. 1936 ஜனவரியில் வாஷிங்டன் நாளேடுகளில் தம் பலகைகளைக் காட்டி அவர் உண்மையைச் சொல்லியும், டாரோவே அதைக் கண்டுபிடித்தார் என்ற கதையே நிலைத்தது. 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மேகியின் தொழில் விளையாட்டுகள் செய்பவர் என்றும் வருமானம் சுழியம் என்றும் பதிவாகியுள்ளது. 1948இல் அவர் காலமானார். டாரோ பெருஞ்செல்வரானார்.

டாரோ கதை எளிதில் பரவியதற்கும் காரணம் உண்டு. வேலையிழந்த ஒரு தனிமனிதர், அடுப்படி மேசையில் தம் சொந்த மூளையால் ஒரு பொருளைக் கண்டுபிடித்துச் செல்வந்தரானார் என்பது, அமெரிக்கா தன்னைப் பற்றிக் கேட்க விரும்பிய கதை. பல ஆண்டுகள் பலர் கூடி வளர்த்த பொதுச் செல்வத்தை ஒருவர் வேலியிட்டு எடுத்துக்கொண்டார் என்பது நடந்த கதை. நிலத்தைப் பற்றி ஹென்றி ஜார்ஜ் சொன்னதே இங்கு ஒரு விளையாட்டுக்கு நிகழ்ந்திருக்கிறது: மதிப்பை உண்டாக்கியவர்கள் ஊர் முழுவதும், வாடகை பெறுபவர் பத்திரம் வைத்திருப்பவர்.

இவ்வுண்மை வெளிவந்ததும் ஒரு வழக்கின் வாயிலாகத்தான். நாஜிகளிடமிருந்து குடும்பத்துடன் தப்பிவந்தவரும் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவருமான ரால்ஃப் அன்ஸ்பாக், 1973இல் முற்றுரிமைகளை உடைப்பவரே வெல்லும் ‘ஆன்டி மோனோப்போலி’ என்னும் விளையாட்டை வெளியிட்டார். வணிக முத்திரையை, அதாவது ஒரு பொருளை அடையாளம் காட்டப் பதிவு செய்யப்பட்ட பெயரை, மீறியதாகப் பார்க்கர் தரப்பு அவர்மீது நடவடிக்கை எடுத்தது. வாதாடுவதற்காகப் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிச் சென்றபோதுதான் அன்ஸ்பாக் மேகியின் காப்புரிமையைக் கண்டெடுத்தார். 1977இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும், சுமார் 40,000 பெட்டிகள் மின்னசோட்டா மாநிலத்தின் மங்கேட்டோவில் குப்பை நிலத்தில் புதைக்கப்பட்டன. மேல்முறையீட்டில் 1982இல் அவர் வென்றார். 1983இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பில் தலையிட மறுத்தது. ஆனால் பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஆன்டி மோனோப்போலி என்ற பெயரும் எதிர்த்தரப்பின் உடைமையாகி, அன்ஸ்பாக் அதனை உரிமம் பெற்றே பயன்படுத்த வேண்டியதாயிற்று.

இந்த வரலாற்றை ஓர் ஏமாற்றுக்காரர், ஓர் ஏமாளி என்ற அளவில் படிப்பது போதாது. டாரோ இல்லாவிட்டாலும் வேறொருவர் அதைச் செய்திருப்பார். ஆழமான கேள்வி, மேகியின் எள்ளல் ஏன் அவ்வளவு எளிதாகத் தலைகீழாகத் திருப்பப்பட்டது என்பதே. வணிகத்தின் கொடுமையை அப்படியே நடித்துக் காட்டும் நையாண்டி, மாற்று விதி உடன் இருக்கும்வரை கண்டனமாக இருக்கிறது. மாற்று விதி நீக்கப்பட்டதும் அதே நடிப்பு பயிற்சியாகிவிடுகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பால் பிஃப் என்னும் உளவியலாளர் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல விளக்கம். இருவர் ஆடும் மோனோப்போலியில் காசு சுண்டிப்போட்டு ஒருவருக்கு மட்டும் இரண்டு மடங்கு பணமும், ஒரு பகடைக்குப் பதில் இரண்டு பகடைகளும், இரட்டைக் கூலியும் தரப்பட்டன. சலுகை பெற்றவர்கள் நேரம் ஆக ஆகக் காய்களை ஓங்கித் தட்டினர், எதிராளியிடம் பரிவு குறைந்து நடந்தனர். ஏன் வென்றீர்கள் என்று கேட்டபோது காசு விழுந்த பக்கத்தைச் சொல்லாமல், தாங்கள் எந்த நிலத்தை எப்போது வாங்கினோம் என்று விளக்கினர். ஆட்டம் அநீதியானது என்று கண்ணெதிரே தெரிந்திருந்தும், அது ஒன்றே ஆட்டம் என்னும்போது மனம் அநீதியைத் திறமையாகப் பெயர்மாற்றிக்கொள்கிறது.

அலுவலக நையாண்டியின் கதையும் இதே தடத்தில் சென்றது. பசிபிக் பெல் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்துக்கொண்டிருந்த ஸ்காட் ஆடம்ஸ் 1989இல் தொடங்கிய டில்பர்ட் என்னும் படத்தொடர், மூடத்தனமான மேலாளர்களையும் பொருளற்ற கூட்டங்களையும் ஆட்குறைப்புக்குச் சூட்டப்படும் இனிய பெயர்களையும் அன்றாடம் கேலி செய்து உலகப் புகழ் பெற்றது. ஊழியர்கள் அதை வெட்டித் தங்கள் மேசைத் தடுப்புகளில் ஒட்டினர்; நிறுவனங்கள் தடுக்கவில்லை. டில்பர்ட் பாத்திரங்கள் ஆஃபீஸ் டிப்போ என்னும் அலுவலகப் பொருள் கடைத்தொடரின் விளம்பரங்களிலும் தோன்றின. 1997இல் நார்மன் சாலமன் என்னும் விமர்சகர் ஒரு நூலே எழுதி, இத்தொடர் மேலாளரின் முட்டாள்தனத்தைக் காட்டுகிறதேயொழிய, ஆட்குறைப்பால் இலாபம் அடைவோரைக் காட்டுவதில்லை என்று வாதிட்டார். அந்த வாதம் சரியானது. மேலாளர் முட்டாள் என்று சிரிக்கும் ஊழியருக்கு அன்றைய நாளைக் கழிக்க ஆறுதல் கிடைக்கிறது. வேலைநேரத்தையும் ஊதியத்தையும் பணிநீக்கத்தையும் முடிவு செய்யும் விதியை யார் எழுதினார் என்ற கேள்வி அந்தச் சிரிப்பில் எழுவதே இல்லை. எல்லாம் இப்படித்தான், எல்லாரும் இப்படித்தான் என்னும் கசப்பு அறிவின் தோற்றத்தை உடையது. நடைமுறையில் அது விதியை மாற்ற முயல்வோரையும் ஏமாளிகளாகக் காணச் செய்து, இருப்பதை அப்படியே இருக்கவிடுகிறது.

மோனோப்போலியை இன்று உடைமையாகக் கொண்டிருக்கும் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 2018இல் ஏமாற்றுவோருக்கான பதிப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் வங்கிப் பணத்தைத் திருடுவதும் வாடகை கொடுக்காமல் நழுவுவதும் விதிகளாகவே சேர்க்கப்பட்டன. அதே ஆண்டில், வீடு வாங்க வசதியற்ற இளம் தலைமுறையைக் குறிவைத்து, நிலத்துக்குப் பதில் அனுபவங்களைச் சேர்க்கும் பதிப்பு வந்தது. 2019இல் பொதுவுடைமையைக் கேலி செய்யும் பதிப்பும், பெண் கண்டுபிடிப்பாளர்களைப் போற்றும் பதிப்பும் வெளியாயின. பின்னதில் பெண்களின் பல கண்டுபிடிப்புகள் கட்டங்களாயின. இந்த விளையாட்டையே கண்டுபிடித்த பெண்ணுக்கு உரிய இடம் அளிக்கப்படவில்லை என்று பலர் கண்டித்தனர். இளைஞர் வீடு வாங்க முடியாமற்போனது நில வாடகையின் நேரடி விளைவு. அதைச் சிரித்துக் கடக்கும் பொருளாக்கி அந்த இளைஞருக்கே விற்கும் அளவுக்குச் சந்தை வளர்ந்திருக்கிறது.

இவற்றுக்கு எதிரே வைக்கத்தக்கது ஆர்டன். மேகியின் பலகை முதன்முதலில் ஆடப்பட்ட ஊர்களுள் ஒன்றான அது இன்றும் இருக்கிறது. அங்கே நிலம் எவருக்கும் சொந்தமன்று. ஓர் அறக்கட்டளை நிலம் முழுவதையும் ஊருக்காக வைத்திருக்கிறது. குடியிருப்போர் 99 ஆண்டுக் குத்தகையில் மனை பெற்று வீடு கட்டிக்கொள்கின்றனர். வீட்டை விற்கலாம், மனையை விற்க முடியாது. மனையின் மதிப்புக்கேற்ற நில வாடகையை ஆண்டுதோறும் ஊருக்குச் செலுத்துகின்றனர். அந்தப் பணத்திலிருந்தே ஊரின் பொதுச் செலவுகள் நடக்கின்றன. சில நூறு பேர் வாழும் ஒரு சிற்றூரின் ஏற்பாடு பெருநகரங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஜார்ஜின் ஒற்றை வரி ஒன்றே எல்லா வறுமையையும் தீர்க்கும் என்ற அவருடைய நம்பிக்கையும் மிகையானது. ஆனால் மேகி அச்சிட்ட இரண்டாவது விதித்தாளின்படி மனிதர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வீடு கட்டி, பிள்ளை வளர்த்து, வாடகையைப் பொதுவில் சேர்த்து வாழ்ந்துவருகின்றனர் என்பதற்கு அவ்வூர் சான்றாக நிற்கிறது.